கடுங்குளிரில் செல்லப்பிராணிகளைப் பேணும் முறை

உடம்பு முழுக்க ரோமம் இருக்கும்போது நாய்க்கும் பூனைக்கும் என்ன குளிர் என்ற எண்ணம், முதன்முறையாகக் கடுங்குளிரைச் சந்திக்கும் பலரிடம் இருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. ரோமத்தின் இழைகளுக்கு இடையே தங்கும் காற்றை உடல் சூடாக்கி வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஆனால் ரோமம் நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ, காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டைக் கடத்திவிடும். பலத்த காற்று வீசினாலும் ரோமம் கலைந்து, உள்ளே தங்கியிருந்த வெதுவெதுப்பு பறிபோகும். ஆகவே வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், பிராணி நனைந்திருக்கிறதா, காற்று வீசுகிறதா, எவ்வளவு நேரமாக அது வெளியே இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவற்றுள் ஈரத்தைத்தான் நான் முதல் எதிரி என்பேன்.

குளிர் தொடங்கும் முன்பே

உங்கள் பிராணி எந்த அளவு குளிர் தாங்கும் என்று அறிந்துகொள்வதே முதல் வேலை. ஹஸ்கி, மலமூட், சமோயெட் போன்ற இனங்களுக்கு அடியில் பஞ்சுபோன்ற ஓர் அடுக்கும் மேலே முரட்டு அடுக்குமாக இரட்டை ரோமம் உண்டு. அவை பனியிலேயே சுருண்டு படுத்து உறங்கக்கூடியவை. கிரேஹவுண்ட், விப்பெட் போன்றவற்றுக்கு ரோமமும் குட்டை, தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு. சிவாவா போன்ற சிறு உடல் கொண்டவை விரைவில் சூட்டை இழந்துவிடும். டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்கோ வயிறு பனியில் உரசி நனைந்துவிடும். இனம் எதுவாயினும், குட்டிகளும் முதியவையும் குளிரில் எளிதில் தளர்ந்துவிடும். நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய், தைராய்டு குறைபாடு ஆகியவை உள்ள பிராணிகளுக்கு உடல்வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்வதே கடினம் என்பதால், குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. மூட்டுவாதம் உள்ள நாயின் கால்கள் குளிரில் இன்னும் விறைத்துப்போகும். படியேறத் தயங்குவதையும் படுக்கையிலிருந்து எழத் தாமதிப்பதையும் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

நாய்களைப் பொறுத்தவரை ஒரு பொது அளவை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும்போதே குட்டை ரோமம் கொண்டவையும் சிறியவையும் குளிரை உணரத் தொடங்குகின்றன. 0 டிகிரிக்குக் கீழே, அவற்றோடு குட்டிகளையும் முதியவற்றையும் நோயுற்றவற்றையும் நெடுநேரம் வெளியே விடக்கூடாது. மைனஸ் 7 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான நாய்களுக்கு அது ஆபத்தான குளிர். காற்றோ மழையோ சேர்ந்தால் இந்த எல்லைகள் இன்னும் முன்னதாகவே வந்துவிடும். இந்த எண்கள் வழிகாட்ட மட்டுமே. உங்கள் நாய் நடுங்கினால் வெப்பமானி 10 டிகிரி காட்டினாலும் வீடு திரும்ப வேண்டியதுதான். பூனைகளுக்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை. கடுங்குளிர் நாள்களில் அவை வீட்டுக்குள் இருப்பதே சரி.

குளிர்காலத்தில் ரோமத்தை ஒட்ட வெட்டக்கூடாது. ஆனால் நாள்தோறும் சீவிவிட வேண்டும். சிக்குப் பிடித்த ரோமத்தில் காற்று தங்காது, ஈரம் மட்டும் தங்கும். குளியலைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய், தோல் வறண்டு செதில் உதிரும். குளிப்பாட்டியே ஆக வேண்டுமென்றால், அடிரோமம் வரை முழுவதும் உலர்ந்த பிறகே வெளியே விட வேண்டும். விரல்களைவிட்டு ரோமத்தைப் பிரித்து, தோலைத் தொட்டுப் பார்த்தால்தான் உலர்ந்துவிட்டதா என்று தெரியும். மேலே தடவிப் பார்த்தால் போதாது.

வீட்டுக்குள்

படுக்கையைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, கதவு இடுக்குக் காற்றும் சன்னல் காற்றும் படாத மூலையில் வையுங்கள். வெறும் தரை உடம்பின் சூட்டை இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதிய நாய்க்குத் தடித்த மெத்தை தேவை. பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டியில் கம்பளியை விரித்துக் கொடுத்தாலே போதும், தன் உடற்சூட்டை அதற்குள்ளேயே தேக்கிக்கொண்டு உறங்கும்.

ஹீட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பூனைகளும் முதிய நாய்களும் சூட்டை நாடிப் போய், தோல் வெந்துபோகும் வரைகூட நகராமல் படுத்திருக்கும். என் பூனை மின்சூடேற்றும் விரிப்பின் மேல் ஓர் இரவு முழுக்கப் படுத்திருந்தது. காலையில் அதன் விலாப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்ததை, ரோமத்தை விலக்கிப் பார்த்த பிறகே நான் கண்டேன். விரிப்பின் சூடு கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆயினும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் படும் மிதமான சூடும் தோலைப் புண்ணாக்கிவிடும். அன்றிலிருந்து அத்தகைய விரிப்பைத் தடித்த துணியால் மூடி, படுக்கையின் பாதிப் பரப்பில் மட்டுமே போடுகிறேன். சூடு மிகுந்தால் அது நகர்ந்துகொள்ள மறுபாதி இருக்கும். வெந்நீர்ப் பைக்கும் இதே முறைதான். தரையில் நிற்கும் ஹீட்டரைப் பிராணி தட்டிக் கவிழ்க்கக்கூடும் என்பதால், அதைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வைப்பதும், ஆளில்லாத வீட்டில் அதை அணைத்துவிடுவதும் கட்டாயம். மின்கம்பிகளை முயல்கள் கடிக்காமல் இரா. அவற்றை உறைக்குள் செலுத்திவிடுங்கள்.

மண்ணெண்ணெய், எரிவாயு, விறகு ஆகியவற்றால் எரியும் அடுப்புகள் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கும் பிராணிகளே அதை அதிகம் சுவாசிக்கின்றன. எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவதும், புகைபோக்கியை ஆண்டுதோறும் துப்புரவு செய்விப்பதும் வீட்டிலுள்ள அனைவருக்கும் காப்பு.

வெளியே அழைத்துச் செல்லும்போது

குளிருக்குப் பயந்து நடைப்பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரே நீண்ட நடையைச் சிறுசிறு நடைகளாகப் பிரித்துவிடலாம். குட்டை ரோம நாய்க்குச் சட்டை போடுங்கள். கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை மூடி, வயிற்றையும் மறைத்து, முன்னங்கால் இடுக்கில் உராயாமல் இருப்பதே நல்ல சட்டை. பனி விழும்போது நீர் புகாத மேலுறை வேண்டும். நனைந்த கம்பளிச் சட்டை, சட்டையே இல்லாததைவிடக் கேடானது. ஒன்று உலரும்போது போட்டுவிட இன்னொன்று கைவசம் இருக்கட்டும்.

பாதங்களுக்கே அதிகக் கவனம் வேண்டும். நாயின் உள்ளங்கால் மெத்தைகளில், உள்ளே வரும் சூடான குருதி, வெளியே போகும் குளிர்ந்த குருதிக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடும்படி தமனிகளும் சிரைகளும் ஒட்டி அமைந்திருக்கின்றன. இதை 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இந்த அமைப்பால்தான் நாயால் பனியில் வெறுங்காலோடு நடக்க முடிகிறது. ஆனால் பனியை உருக்கச் சாலைகளில் தூவும் உப்பிலிருந்தும், விரல்களுக்கு இடையே திரளும் பனிக்கட்டியிலிருந்தும் இந்த அமைப்பு காப்பாற்றாது.

முதல் குளிர்காலத்தில் என் நாய் நடுவழியில் நின்று, ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டியது. குத்தியிருக்கும் முள்ளையோ கண்ணாடித் துண்டையோ தேடினேன்; ஒன்றும் இல்லை. கையுறையைக் கழற்றி விரல்களைப் பிரித்துப் பார்த்தபோது, விரலிடுக்கு ரோமத்தில் கோலிக்குண்டு அளவு பனி இறுகி, இரு பக்கத்து மெத்தைகளையும் விலக்கிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுக்கப் பார்த்தால் ரோமமும் சேர்ந்து வந்தது, அது முனகியது. உள்ளங்கையால் பாதத்தைப் பொத்திப் பிடித்திருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் கட்டி இளகிக் கழன்றுவிட்டது. அன்று மாலையே விரலிடுக்கு ரோமத்தை மெத்தையின் மட்டத்துக்கு வெட்டிவிட்டேன். நீங்கள் இதைக் குளிர் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். வெட்டும்போது கத்தரியின் முனையை விரலிடுக்குக்குள் நுழைக்காமல், வெளியே நீண்டிருப்பதை மட்டும் வெட்ட வேண்டும்.

கிளம்புமுன் மெத்தைகளில் பாத மெழுகையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லிதாகத் தடவினால் பனியும் உப்பும் ஒட்டுவது குறையும். காலுறைக் காலணிகள் இதைவிடச் சிறந்தவை, ஆனால் பழக்க வேண்டும். முதல் நாளே நான்கையும் மாட்டி வெளியே இழுத்துச் செல்லாதீர்கள். வீட்டுக்குள் ஒரு காலுக்கு மாட்டி, சிறு தின்பண்டம் கொடுத்து, சில நிமிடங்களில் கழற்றி, இப்படி ஒரு வாரத்தில் நான்கு கால்களுக்கும் பழக்கலாம்.

உறைந்த குளத்தின்மேல் நாயை விடவே கூடாது. மேலே பார்த்தால் கனமாகத் தோன்றும் பனித்தகடு நடுவில் மெலிந்திருக்கும். வார் கையிலேயே இருக்கட்டும். இருட்டு முன்னதாகவே வருவதால், ஒளி பட்டால் மின்னும் கழுத்துப்பட்டையும் அதில் உங்கள் தொலைபேசி எண்ணும் தேவை. கடைக்குப் போகும் பத்து நிமிடத்துக்கென்று நாயை நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போவது தவறு. இயந்திரம் அணைந்த கார் விரைவில் குளிர்ந்து, அந்தக் குளிரை உள்ளேயே தேக்கி வைக்கும்.

வீடு திரும்பியதும் செய்யும் வேலையை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். வாசலிலேயே ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரும் துண்டும் வைத்திருங்கள். ஒவ்வொரு பாதமாக நீரில் முக்கி, விரல்களைப் பிரித்துக் கழுவி, இடுக்குகளையும் ஒற்றித் துடைக்க வேண்டும். பிறகு கால்கள், வயிறு, மார்பு. உப்பு அப்படியே இருந்தால் மெத்தைகள் வெடிப்பதோடு, நாய் அதை நக்கி விழுங்கி வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும்; மிகுதியாக உட்கொண்டால் குருதியில் சோடியம் ஏறி வலிப்புகூட வரும். கால்சியம் குளோரைடு கலந்த உப்போ ஈரம் பட்டதும் சூடேறித் தோலை எரிக்கும். துடைக்கும் போதே காது நுனியையும் வால் நுனியையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவும் நீரும்

வெளியே வாழும் நாய், உடலைச் சூடாக வைக்கவே அதிக ஆற்றலைச் செலவிடுகிறது. அதற்கு உணவைக் கூட்ட வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கோ நடை குறைந்துவிடுவதால் உணவைக் கூட்டினால் எடைதான் கூடும். குளிர்காலத்தில் தாகம் இராது என்று நினைக்காதீர்கள். வெளியே வைக்கும் நீர் உறைந்துவிட்டால் பிராணி தாகத்தோடே இருக்கும், பனியைத் தின்றால் உடல் இன்னும் குளிரும். நீரை நாளுக்குப் பலமுறை மாற்றுங்கள். கடுங்குளிரில் ஈரமான நாக்கு உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உலோகக் கிண்ணத்தை வெளியே வைக்கக்கூடாது.

வெளியே தங்க நேரும் பிராணிகளுக்கு

கடுங்குளிரில் எந்த நாயையும் வெளியே கட்டிப்போடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் வீட்டுக்குள் வர மறுக்கும் பூனைகளும், ஆளில்லாத பூனைகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு கூடு அமைத்துக் கொடுக்கலாம். கூடு பெரிதாக இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே இருக்கும் பிராணியின் உடற்சூடு மட்டுமே அதைச் சூடாக்க வேண்டியிருப்பதால், சுருண்டு படுக்கவும் திரும்பவும் தேவையான இடத்துக்கு மேல் இருப்பது கேடுதான். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் உட்புறம் முழுக்கத் தெர்மகோல் பலகைகளைப் பதித்து, பூனை நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்டு, துளை காற்று வீசும் திசையைப் பார்க்காதபடி வைத்தால் போதும். தரையின் ஈரம் ஏறாமலிருக்கக் கட்டைகளின்மேல் சற்று உயர்த்தி வையுங்கள்.

உள்ளே கம்பளியோ பழந்துணியோ விரிக்காதீர்கள்; அவை பிராணியின் காலில் வந்த பனியையும் அதன் மூச்சின் ஈரத்தையும் உறிஞ்சி, இரவில் உறைந்துவிடும். வைக்கோல்தான் சரி. அதன் தண்டுகள் உள்ளீடற்றவை. ஈரத்தை எளிதில் ஏற்காமல் காற்றைத் தேக்கி வைத்துக்கொள்ளும், பூனை அதற்குள் புகுந்துகொள்ளவும் முடியும். தீவனமாகப் போடும் உலர்புல்லை வைக்கோல் என்று எண்ணி இட்டுவிடக்கூடாது, அது ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும்.

பூனைகள் சூடு நாடிக் காரின் இயந்திரப் பகுதிக்குள்ளும் சக்கரத்தின் மேலும் ஏறிப் படுத்துக்கொள்கின்றன. காலையில் வண்டியைக் கிளப்புமுன் முன்மூடியைப் பலமாகத் தட்டி, சில நொடிகள் காத்திருந்து, பிறகு சாவியைத் திருப்புங்கள்.

கூண்டிலும் தொட்டியிலும் இருப்பவை

முயல்கள் வெயிலைவிடக் குளிரை நன்றாகவே தாங்கும். ஈரமும் குறுக்குக் காற்றும்தான் அவற்றுக்கு ஆகாது. வீட்டுக்குள் வளர்த்த முயலைத் திடீரென்று வெளிக்கூட்டுக்கு மாற்றக்கூடாது. அதற்குக் குளிர்கால ரோமம் வளர்ந்திருக்காது. கினிப்பன்றிகள் குளிரைத் தாங்கமாட்டா. வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அவற்றை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.

ஹாம்ஸ்டர் வளர்ப்போர் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கூண்டு மிகவும் குளிர்ந்துவிட்டால் அது உறக்கத்தை ஒத்த விறைப்பு நிலைக்குப் போய்விடக்கூடும். உடல் சில்லிட்டு, மூச்சு மிக அரிதாகவே வரும், இறந்துவிட்டதென்றே தோன்றும். அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். மீசை மயிர் அசைகிறதா, விலா எழுகிறதா என்று சில நிமிடங்கள் உற்றுப் பாருங்கள். அறையை மெல்லச் சூடாக்கி, உள்ளங்கைகளுக்குள் வைத்திருந்தால் படிப்படியாக விழிக்கும்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பறவைக் கூண்டைச் சன்னலிலிருந்து விலக்கி, இரவில் காற்றோட்டத்துக்கு இடம்விட்டுத் துணியால் போர்த்துங்கள். பறவைகளின் நுரையீரல் மிகத் திறமையாகக் காற்றை உள்ளிழுப்பதால் நச்சு வாயுவும் அவற்றை முதலில் தாக்குகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடைக் கண்டறிய 1986 வரை கேனரிப் பறவைகளைத்தான் வைத்திருந்தார்கள். சில ஹீட்டர்களின் உட்பாகங்களிலும் ஒட்டாத பாத்திரங்களிலும் பூசப்பட்டிருக்கும் டெஃப்லான் அளவுக்கு மீறிச் சூடானால், அதன் புகை சில நிமிடங்களிலேயே பறவையைக் கொன்றுவிடும். ஆகவே ஹீட்டர் வாங்குமுன் அந்தப் பூச்சு இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெப்பமண்டல மீன்களுக்கு நீர் 24 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி, மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாயை விட்டு, இரை போடுவதை நிறுத்திவிடுங்கள். கொதிநீரை ஊற்றிச் சட்டென்று சூடேற்றக்கூடாது. ஆமைகளுக்கும் பல்லியினங்களுக்கும் உடற்சூடு முழுக்க வெளியிலிருந்தே வர வேண்டியிருப்பதால், வெப்ப விளக்கோடு, அதைத் தானாகவே அணைத்து எரியவிடும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இன்றியமையாதது.

இனிக்கும் நஞ்சு

காரின் குளிர்விப்பு நீர் உறையாமலிருக்கச் சேர்க்கும் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் உள்ளது. அது இனிப்பது, தரையில் சொட்டியிருந்தால் நாய் தானே தேடி நக்கும். பூனைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிலிட்டர் சென்றாலே உயிர்போகும். பாதத்தில் ஒட்டியதை நக்குவதே அதற்குப் போதுமானதாகிவிடலாம். முதலில் பிராணி மது குடித்தவர்போலத் தள்ளாடும், வாந்தியெடுக்கும். பிறகு சில மணிநேரத்தில் நாய் தேறிவிட்டதுபோலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பாதீர்கள், அந்த நேரத்தில்தான் சிறுநீரகங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. முறிமருந்து உண்டு, ஆனால் பூனைக்கு ஏறத்தாழ 3 மணி நேரத்துக்குள்ளும், நாய்க்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள்ளும் கொடுத்தால்தான் பயன். ஆகவே நக்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் கிளம்பிவிடுங்கள். புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ந்த திரவம் இதைவிடத் தீங்கு குறைந்தது; வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். குளிருக்கு எலிகள் வீட்டுக்குள் வரும் காலமும் இதுவே என்பதால், எலி மருந்தைப் பிராணி நடமாடும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஆபத்து நேர்ந்தால்

நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி, பூனைக்கும் அதையொட்டியே. குளிர் தாக்கத் தொடங்கினால் பிராணி நடுங்கும், முதுகைக் கூனி வாலை ஒடுக்கிக்கொள்ளும், கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். நடுக்கம் நின்று, தள்ளாடி, உறக்கக் கலக்கம் கண்டு, ஈறுகள் வெளுத்துவிட்டால் அது தேறிவிட்டதாகப் பொருளில்லை. நடுங்கவும் உடலில் வலுவில்லை என்றே பொருள். உடல்வெப்பம் 37 டிகிரிக்குக் கீழே இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும்; 35-க்குக் கீழே போனால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது.

முதலில் உள்ளே கொண்டுவந்து, நனைந்த சட்டையைக் கழற்றி, முழுவதும் துடைத்து உலர்த்துங்கள். உலர்ந்த கம்பளியைச் சூடாக்கிச் சுற்றுங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளை மார்பிலும் வயிற்றிலும் அணைத்து வையுங்கள். கால்களைச் சூடாக்க முனையாதீர்கள், நடு உடம்பு சூடாவதே முக்கியம். சுடுநீரில் இறக்குவதும், ஹேர் டிரையரை அருகில் பிடிப்பதும், மதுவைப் புகட்டுவதும் கேடு விளைவிக்கும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரைக் குடிக்கக் கொடுக்கலாம்.

பனிக்கடி, அதாவது குளிரில் தோலும் திசுவும் உறைந்துபோவது, பெரும்பாலும் காது நுனி, வால் நுனி, பாதங்களில் வரும். அந்த இடம் வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ மாறி, கட்டைபோல விறைத்திருக்கும். சூடு திரும்பும்போதுதான் வீங்கிக் கடுமையாக வலிக்கும், கறுத்துப்போவது சில நாள் கழித்தே தெரியும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. மருத்துவரிடம் போகும் வழியில் மறுபடியும் உறைந்துவிடும் என்று தோன்றினால் சூடாக்காமலேயே கொண்டுசெல்ல வேண்டும், ஏனெனில் இளகி மீண்டும் உறையும் திசு முன்னைவிட அதிகம் சேதமாகும். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். இப்யூபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும். கம்பளியில் சுற்றி, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, காரை உள்ளே சூடாக்கிய பிறகே பிராணியை அதில் ஏற்றுங்கள்.